பேச்சியம்மாள் டாக்டருக்கு ஒரு மாற்று ஆள்

போன மாதம் என்னை நம் அலுவலகத்துக்கு அழைத்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றீர்கள். நானும் ஒரு மணி நேரம் திரையில் கோடுகளும் கட்டங்களும் காட்டிவிட்டு வந்துவிட்டேன். மரியாதைக்குக் கை தட்டினீர்கள். பின்வரிசையில் ஒரு பெண் வாயைக்கூடப் பொத்திக்கொள்ளாமல் கொட்டாவி விட்டாள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கணக்குப் போடுவதை உங்கள் கம்ப்யூட்டரே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும், அதற்கு இந்தக் கிழவி எதற்கு? அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று மாட்டுங்கா ஸ்டேஷன் படி இறங்கும்போதே மனசு அரித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொட்டாவி வந்தால் தாராளமாக விடுங்கள்.

நம் வேலையை என் அக்கா வீட்டுக்காரர் கடைசிவரை ஜோசியம் என்றுதான் சொன்னார். இந்த மும்பையில் இன்னும் ஐந்து வருஷம் கழித்து எத்தனை இதய டாக்டர் இருப்பார்கள், எத்தனை பிரசவ டாக்டர் இருப்பார்கள், இப்போது எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள், எத்தனை பேர் விமானம் ஏறுவார்கள் என்று பார்த்து, மேல்படிப்பு சீட்டைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்வது. "ராகு கேது எங்கே இருக்குன்னும் சேர்த்துப் பார்த்துடு விசாலம்" என்பார் அந்த மனிதர். அவரோடு சண்டை போட்டுப் போட்டே எனக்கு வாய் நீண்டது.

அப்போது எங்கள் அலுவலகம் மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. எங்கள் தலைவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் காலமாகிவிட்டார், திரும்பிப் பதில் சொல்ல முடியாதவரைப் பெயர் சொல்லிக் குறை கூறுவது நன்றாக இருக்காது. நல்ல மனிதர், தும்பைப்பூ மாதிரி சட்டை போடுவார், யாரையும் அதட்ட மாட்டார். அந்த வருஷம் மயக்க மருந்து டாக்டர்களை எண்ணும் வேலை வந்தது. அவர் வழக்கம்போல எல்லா ஆஸ்பத்திரிக்கும் எழுதி, உங்களிடம் மயக்க மருந்து டாக்டர் உண்டா என்று கேட்டார். பெரிய ஆஸ்பத்திரி, சின்ன நர்சிங் ஹோம், முனிசிபாலிட்டி பிரசவ ஆஸ்பத்திரி எல்லாருமே உண்டு என்று பதில் போட்டார்கள். கூட்டிப் பார்த்தால் தேவைக்கு மேலேயே ஆள் இருந்தது. புதிதாக ஒரு சீட்கூட வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. நம் ஜனங்கள் நெருக்கி வாழும் சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியின் பிரசவ ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை என்று வலியோடு வந்த பெண்களை ஆட்டோவில் ஏற்றி வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்று புகார் மேல் புகார் வந்துகொண்டிருந்தது. இவ்வளவு டாக்டர் இருக்கிற ஊரில் இது எப்படி என்று கேட்டேன். "புகாரை எந்தக் கட்டத்துல எழுதறது, சொல்லு" என்றார் தலைவர். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "சரி, நாலு இடம் போய் நேரில் பார்த்துட்டு வா. உனக்கும் காற்று வாங்கின மாதிரி இருக்கும்" என்று அனுப்பி வைத்தார்.

காலையில் மாட்டுங்காவில் ஒரு நர்சிங் ஹோம். உங்கள் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். குள்ளமாக ஒரு பெண், தலைத்தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். நின்றபடியே டீயைக் குடித்தாள், நான் கேட்ட இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் செம்பூரில் இன்னொரு ஆஸ்பத்திரி. அங்கேயும் அதே கேள்வி கேட்டேன். அறுவை அறைக் கதவைத் திறந்துகொண்டு அதே பெண் வந்தாள்.

"என்ன மேடம், என்னைய ஃபாலோ பண்ணுதியளா? இன்கம் டாக்ஸா?" என்றாள்.

நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். சாயங்காலம் தாராவியில் ஒரு நர்சிங் ஹோம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், ஆட்டோவிலிருந்து யார் இறங்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்? என்னைப் பார்த்ததும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆட்டோக்காரரும் என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

"அக்கா, ஒண்ணு செய்வோம். இங்கன ஒரு கேஸ் முடிச்சிட்டு நான் சீத்தா கேம்ப்தான் போறேன். நீங்களும் அங்கனதான வருவிய? ரெண்டு ஆட்டோ எதுக்கு? ஒண்ணா போவோம், வாங்க."

அவள்தான் டாக்டர் பேச்சியம்மாள். தாராவியில் பிறந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு பை பட்டறையில் தோல் வெட்டியவர். அவளை மராத்தி நர்சுகள் பெச்சி மேடம் என்பார்கள், நம்மவர்கள் பேச்சி டாக்டர் என்பார்கள். எட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அவள் ஒருத்திதான். கூப்பிட்ட இடத்துக்கு ஓடுவாள். எட்டு இடத்திலும் உண்டு என்று பதில் எழுதினார்கள். எட்டுப் பேருமே உண்மையைத்தான் எழுதினார்கள். பொய்யாக இருந்தது எங்கள் கூட்டல் மட்டும்தான்.

ஆட்டோ மான்குர்த் பக்கம் நெரிசலில் நின்றபோது அவள் தன் ஆசையைச் சொன்னாள். சின்னக் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கத் தனியாக ஒரு மேல்பயிற்சி உண்டு. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷம் முழுநேரமும் அங்கேயே இருக்க வேண்டும்.

"பெரியாளுக்குக் குடுக்கதக் கொஞ்சம் கொறச்சுக் குடுத்தா பிள்ளைக்கு ஆச்சுன்னு நெனைக்காங்கக்கா. அது அப்படி இல்ல. அதுக மூச்சே வேற. பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு வருவாங்க, நான் மாட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு அனுப்புதேன். ஒவ்வொருவாட்டியும் வயிறு எரியுது. நம்ம சனந்தான, எங்க போயி நிக்கும்?"

"அப்புறம் என்ன, கிளம்ப வேண்டியதுதானே?" என்றேன்.

"நான் போயிட்டா சீத்தா கேம்ப்ல சிசேரியனுக்கு யாரு நிப்பா?"

அன்றைக்கு அதைக் கணக்குப் போட்டுத் தீர்க்கக்கூடிய ஒரு கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டேன். நல்ல கேள்வி என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

மறுநாள் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். "ஏம்மா, ஒருத்தியை நாம எட்டுப் பேரா எண்ணிண்டிருக்கோமா?" என்றார். அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: தன் முடிவைத் தானே கிழித்துப் போட அவர் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. ஆஸ்பத்திரிகளை விட்டுவிட்டு ஆட்களை எண்ணினோம். பற்றாக்குறை எங்களைப் பார்த்துப் பல்லை இளித்தது.

அந்தப் புதுக் கணக்கோடு அரசாங்கக் கமிட்டிக்கு நான்தான் போனேன். சீட்டைக் கூட்டுங்கள், இன்றைக்குக் கூட்டினால் ஐந்து வருஷத்தில் பற்றாக்குறை தீரும் என்று கோடு போட்டுக் காட்டினேன். ஒத்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தெம்பில் இரண்டாவது கோரிக்கையையும் வைத்தேன்: அந்த ஐந்து வருஷத்துக்கு சீத்தா கேம்ப்புக்கு இன்னொரு மயக்க மருந்து டாக்டர் பணியிடம் வேண்டும். கமிட்டித் தலைவர் ரொம்ப மரியாதையான அதிகாரி. என் கோட்டின் மேலேயே விரலை வைத்தார்.

"பாஞ்ச் சால் தோ ஹை, மேடம். நிகல் ஜாயேகா" என்றார். ஐந்து வருஷம்தானே, ஓடிவிடும் என்று அர்த்தம். தானாகத் தீரப்போகிற குறைக்கு எதற்குப் புதுப் பணியிடம், இத்தனை நாள் சமாளித்த அந்த டாக்டரம்மா இன்னும் கொஞ்ச நாள் சமாளிக்க மாட்டார்களா என்று கேட்டார். நான் எவ்வளவோ வாதாடினேன். நீங்கள்தானே தீரும் என்று காட்டுகிறீர்கள் என்று திரும்பத் திரும்ப என் கோட்டையே காட்டினார். நான் போட்ட கோடு சரியாக இருந்ததுதான் எனக்கு எதிராகப் போயிற்று. பிள்ளைகளே, தப்பான கணக்கு கெடுதல் செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். நல்ல செய்தி சொல்லும் சரியான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த தடவை கோடு போடும்போது இந்த அதிகாரியின் விரலை நினைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்தைப் பேச்சியிடம் சொன்னேன். அந்த மேல்பயிற்சிக்கு நாற்பத்தைந்து வயதுதான் எல்லை, அவளுக்கு அப்போது நாற்பது. அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சரியா இருக்கும்க்கா. வண்டி நகருறதுக்குள்ள ஓடிப்போயி ஏறிருவேன். லோக்கல் டிரெய்ன்ல தொங்குன ஆளுதான நானு."

அந்த வருஷத்து இடத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டாள்.

ஐந்து வருஷம் அவள் ஓடிய ஓட்டத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன். தீபாவளியன்றைக்கு எண்ணெய்த் தலையோடு கூப்பிட்ட இடத்துக்குப் போனாள். மழையில் ரயில் நின்ற நாளில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனாள். அவள் அம்மா அவளைப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது நர்சிங் ஹோமில் போய்த்தான் உட்கார வேண்டும். இடையில் எங்கள் தலைவர் ஓய்வு பெற்றார், அவர் நாற்காலிக்கு நான் வந்தேன்.

கடைசியில் அந்தப் புது சீட்டுகளில் படித்தவர்கள் வெளியே வந்தார்கள். நான் சொன்ன வருஷத்தில், கிட்டத்தட்ட நான் சொன்ன எண்ணிக்கையில் வந்தார்கள். அலுவலகத்தில் மைசூர்பாகு வாங்கிக் கொண்டாடினார்கள். அந்த மைசூர்பாகு வாயில் இருக்கும்போதே பேச்சியின் போன் வந்தது.

"அக்கா, இங்கன யாரும் வரலியே?"

எங்கே போனார்கள் என்று விசாரித்தேன். கண்ணாடி மாளிகை மாதிரி பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருந்தார்கள், புனேவுக்குப் போயிருந்தார்கள், துபாய்க்குப் போயிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். நன்றிகெட்ட ஜென்மங்கள் என்று வாய்விட்டே திட்டினேன். அலைந்து திரிந்து ஒரு பையனைப் பிடித்தேன். பாண்டுப்பில் வளர்ந்த தமிழ்ப் பையன், அருண் என்று பெயர், புது டாக்டர். பேச்சியோடு ஒரு மாதம் சீத்தா கேம்ப்பில் வேலை பார், பிடித்தால் அங்கேயே இரு என்றேன். நல்ல பிள்ளை, வந்தான். அதே சமயம் சென்னையிலும் பேச்சிக்கு மறுபடி இடம் கிடைத்தது. வயது எல்லைக்கு இதுதான் கடைசி வருஷம். அவள் பெட்டியே கட்டிவிட்டாள்.

மாதம் முடியும் முன்பே அருண் என் வீட்டுக்கு வந்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு ஒரு சிசேரியனில் அந்தப் பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. பேச்சி பக்கத்தில் இருந்ததால் தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. காலேஜ்ல என் பின்னால ரெண்டு சீனியர் நிப்பாங்க. கீழ் மாடியில பிளட் பேங்க். ஒரு பட்டனை அழுத்துனா பத்துப் பேர் ஓடி வருவாங்க. இங்க நான், ஒரு நர்ஸ், அவ்ளோதான். ரத்தம் வேணும்னா வெளிய ஆள் அனுப்பணும். தனியா ஒரு எடத்துல எப்படி நிக்கறதுன்னு எனக்கு யாருமே சொல்லிக் குடுக்கல."

"பழகிக்கோயேன்டா. அவ பழகிக்கலையா?"

"அந்த மேடம் கூட இருந்தா எத்தனை வருஷம் வேணாலும் பண்ணுவேன். அவங்க போய்ட்டா நான் நிக்க மாட்டேன், ஆன்ட்டி. யாராச்சும் என் கையில செத்துருவாங்க."

பயந்தாங்கொள்ளி என்று கத்தினேன். அவன் காபியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தான். அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் பயப்பட்டது நியாயம். நாங்கள் கேட்டு வாங்கிய சீட்டெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருந்தன. அங்கே படித்தவனுக்கு அந்த இடத்தில் வேலை செய்யத்தான் தெரியும். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எங்கள் அலுவலகம் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறது. எங்கே நின்று படிக்கிறார்கள் என்று ஒருத்தருமே கேட்டதில்லை. அதற்கு எங்களிடம் ஒரு கட்டம்கூட இல்லை. படிக்கும் காலத்திலேயே ஆறு மாதம் சின்ன ஆஸ்பத்திரியில், பேச்சி மாதிரி ஒருத்தியின் பக்கத்தில் நிற்க வைத்திருந்தால் அருண் நின்றிருப்பான்.

சென்னையில் போய்ச் சேரக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் சீத்தா கேம்ப்புக்குப் போனேன். பேச்சி அறுவை அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். அருண் என்னிடம் சொன்னதை அவளிடமும் சொல்லியிருந்தான்.

"நீ கிளம்பு பேச்சி" என்றேன். "உலகத்துல எல்லாரும் அவாவா வழியைப் பார்த்துண்டு போறா. நீ மட்டும் என்ன பாவம் பண்ணினே? போ. ஒண்ணும் ஆகாது."

அவள் டப்பாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னு ஒங்க கணக்கு சொல்லுதா, இல்ல எம்மேல உள்ள பாசத்துல நீங்க சொல்லுதியளா?"

என் வாழ்நாளில் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. வாய்க்காரி என்று பெயரெடுத்தவள், அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பதில் புரிந்துவிட்டது.

"விடுங்கக்கா. கட்டுன பெட்டிய அவுக்கதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?" என்றாள்.

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள். நான் பஸ்ஸில் செம்பூர் வரும்வரை அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் வீட்டில் யாராவது போய்விட்டார்களா என்று இந்தியில் கேட்டாள். இல்லை, போகவேண்டியவள் போகவில்லை என்றேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

அருண் அவளோடு ஒரு வருஷம் இருந்தான். கல்யாணம் ஆனது, பெண் வீட்டார் நவி மும்பையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக் கொடுத்தார்கள், போய்விட்டான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். படிக்கும் டாக்டர்களைச் சின்ன ஆஸ்பத்திரிகளிலும் நிற்க வைக்க வேண்டும் என்று நான் எழுதிய யோசனை கமிட்டிக்குப் போனது, திரும்பியது, மறுபடி போனது. அதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. இப்போது அது உங்கள் கையில் இருக்கிறது. அதைத் தள்ளிப்போட யாராவது உங்கள் கோட்டின் மேல் விரலை வைத்தால், அந்த விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நாள் உட்கார வையுங்கள்.

போன வாரம் பேச்சியைப் பார்க்க சீத்தா கேம்ப் போயிருந்தேன். தலை நரைத்துவிட்டது, சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஓர் இளைஞர் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வயது இருக்கும். குடலிறக்கம், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்யா போவணும். சீட்டு எழுதித் தாரேன்" என்றாள் பேச்சி.

"அங்க மூணு வாட்டி போய்ட்டு வந்துட்டேன் டாக்டரம்மா. தேதி மேல தேதி குடுக்குறாங்க, எனக்குக் கூலி போவுது. நீங்களே மயக்க மருந்து குடுங்களேன். இவன் பொறந்தப்ப இவன் அம்மாவுக்கு நீங்கதான குடுத்தீங்க?"

"ஒன் வீட்டுக்காரிக்குக் குடுத்தேன்யா. இவனுக்குக் குடுக்க நான் படிக்கல."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். குழந்தையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

"அப்ப அதுக்குப் படிச்சவங்க இங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டார் அவர்.

பேச்சி என் பக்கம் கையைக் காட்டினாள். "இந்த அக்காகிட்ட கேளுங்க. இவுகதான் அந்தக் கணக்குப் போடுதவுக."

அவர் உடனே என் பக்கம் திரும்பினார். அரசாங்கமே வந்து உட்கார்ந்திருப்பது போல நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வாழ்க்கை முழுவதும் சம்பளம் வாங்கினேன்.

"தெரியலைப்பா" என்றேன்.

அவர் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, சீட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.